கச்சாய் வீதியில் நின்ற கார்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் பேருந்தின் வலப்பக்கத்தில் இருப்பதையே நான் வழக்கமாக வைத்திருந்தேன். அந்தப் பக்கம் வெயில் அடித்தாலும், இருக்க இடமில்லாமல் நின்றுகொண்டே போக நேர்ந்தாலும் இடப்பக்க இருக்கை எனக்கு வேண்டாம். கொடிகாமம் சந்தியில் வலப்பக்கமாகப் பருத்தித்துறை வீதி பிரிகிறது. இடப்பக்கமாகக் கச்சாய் வீதி. அந்தக் கச்சாய் வீதியில் ஒரு வளவுக்குள் எங்களுடைய கார் நின்றது. அதைப் பார்க்கவும் விருப்பமில்லை, அது நிற்கும் பக்கத்தைப் பார்க்கவும் விருப்பமில்லை.

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்த வளவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது அந்த வீட்டுப் பெடியன்.

"அன்ரி, நான் வீடு கட்டத் தொடங்கிறன். அத்திவாரம் வெட்டுற இடத்திலதான் கார் நிக்குது. அம்மா உங்களைக் கேக்காமல் தொடக்கூடாது எண்டு நிக்கிறா. என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ."

நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாட்கள் கழித்துப் புறப்பட்டேன். அன்றைக்கும் வலப்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

அது ஒஸ்ரின் ஏ-40. 'சொமசெற்' என்பது அதன் வகைப் பெயர். இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகருக்கருகே லோங்பிரிட்ஜ் என்ற இடத்தில் இருந்த ஒஸ்ரின் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை மாத்திரம் செய்யப்பட்டது. அந்தக் குறுகிய காலத்திலேயே ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்து முடித்தார்களாம். 1200 சீசீ இயந்திரம். ஏறத்தாழ நாற்பது குதிரை வலு என்பதால்தான் ஏ-40 என்ற பெயர். எங்கள் ஊரில் அதை 'ஏ போட்டி' என்றே சொல்வார்கள். உருண்டை முதுகு, முன்னுக்கும் பின்னுக்கும் வாங்கு போன்ற நீள இருக்கை, ஸ்ரியறிங்குக்குப் பக்கத்திலேயே கியர்த் தடி. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிறிய கை ஒன்று வெளியே நீளும். சிறுவர்களுக்கு அதுதான் பெரிய வேடிக்கை.

என்னுடைய மாமனார் அதை 1960களில் பழைய காராகவே வாங்கியவர். இலக்கத்தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்திய காலத்து வண்டி. இரண்டு ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் இருந்தன. அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உள்ளதைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் யப்பான் கார்கள் வரத் தொடங்கின. ஆனால் சுன்னாகம் சந்தியில் வாடகைக்கு நின்ற கார்களில் ஒஸ்ரினும் மொறிசும்தான் நிறைய. மாமனாருக்குப் பிறகு என் கணவர் அதை ஓட்டினார். கல்யாண வீடு, செத்த வீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அந்தக் கார் போய் வந்தது. எங்களுடைய அடுப்பும் அதனால்தான் எரிந்தது.

1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோல் நின்றது. அதன் பிறகு யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் நல்ல சூடு இருந்தால்தான் ஆவியாகும். ஆகவே இயந்திரம் சூடாகும் வரைக்கும் கொஞ்சம் பெற்றோலைக் கொடுத்து எழுப்பிவிட வேண்டும். என் கணவர் பொனற்றுக்குள் ஒரு கம்பியை வளைத்துக் கட்டி, அதில் சேலைன் போத்தலைத் தொங்கவிட்டிருந்தார். அதற்குள் பெற்றோல். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றுவதுபோல அந்தக் குழாய் காபரேற்றருக்குப் போகும். ஹான்டிலைப் போட்டுச் சுற்றி இயந்திரம் எழும்பிச் சூடானதும் குழாயை மூடிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பழைய இயந்திரங்களின் அமுக்கம் குறைவு. அதனால்தான் அவை அந்தத் தரமற்ற எரிபொருளையும் தாங்கிக்கொண்டன. புதிய கார்கள் தாங்கா. அப்படியும் எரியாத மண்ணெண்ணெய் வழிந்து என்ஜின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். பிளக்கில் கரி பிடிக்கும். ஒவ்வொரு நாளும் மாலையில் பிளக்குகளைக் கழற்றி என்னிடம் தருவார். பழைய பல்துலக்கும் தூரிகையால் நான் தேய்த்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டு உடுப்பு, படுக்கை, சோறு எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் மணம் இருந்தது. பெற்றோலோ போத்தல் கணக்கில் பொன் விலை. நகையை விற்றுப் பெற்றோல் வாங்கிய நாளும் உண்டு. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் எல்லோரும் வரிசையில் நின்றபோது, என்னுடைய மருமகன் தன் வாகனத்தை மண்ணெண்ணெயில் ஓடலாமா என்று கேட்டான். "உன்ர வாகனம் ஓடாது தம்பி. அதோட மண்ணெண்ணெயும் எங்க கிடக்குது?" என்றேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

பேருந்து பரந்தனைத் தாண்டி ஆனையிறவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் கடல்நீரேரி. 1991ஆம் ஆண்டுச் சண்டையில் அடிபட்ட இரும்பு வாகனம் ஒன்றை அங்கே வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வேறு வாகனங்கள்தான் நினைவுக்கு வரும். 2009இல் முள்ளிவாய்க்காலில் எங்கள் சனம் விட்டுவிட்டு வந்த உழவு இயந்திரங்கள், லொறிகள், மோட்டார் சைக்கிள்கள், சாதாரண துவிச்சக்கர வண்டிகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சீவியம். எத்தனையோ பெண்கள் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தவை. பின்னர் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததை என் கண்ணால் கண்டேன். மஞ்சள் கயிறு கட்டிய ஒரு பெண்கள் சைக்கிள் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. யாருடையதோ.

பளை தாண்டியதும் தென்னந்தோட்டங்கள். எழுதுமட்டுவாள், மிருசுவில். இந்த வீதியால் நாங்கள் 1995இல் எதிர்த்திசையில் வந்தோம்.

ஐப்பசி 30ஆம் திகதி இரவு. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்த கதையை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அவ்வளவு சனமும். எங்கள் காரில் பதினொரு பேர் இருந்தோம். அவர்களில் ஆறு பேர் எங்கள் வீட்டுக்காரர் அல்ல, வழியில் ஏற்றிக்கொண்ட வயோதிபர்கள். சனத்துக்குள் கார் நகர்ந்தால்தானே? நாலடி போகும், நிற்கும். நின்றால் இயந்திரம் ஆறிவிடும், ஆறினால் மறுபடி பெற்றோல் வேண்டும். ஆகவே என் கணவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். எனது மகனுக்கு அப்போது ஏழு வயது, மகளுக்கு நான்கு. அவர்கள் உள்ளே இருந்து அந்தச் சிறிய கையை நீட்டியும் மடக்கியும் விளையாடிக்கொண்டு வந்தார்கள்.

கொடிகாமத்தில், கச்சாய் வீதியில், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் வளவில் எங்களுக்கு இடம் தந்தது. கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். அந்த வீட்டு மகளுக்கு அப்போது முதற் பிள்ளை வயிற்றில். என்னைவிட ஆறு வயது இளையவள். 1996 மாசியில் ஒரு நள்ளிரவில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. சேலைன் போத்தலில் இருந்த கடைசிப் பெற்றோலை விட்டு என் கணவர் காரை எழுப்பினார். வரணிப் பக்கமாகப் பருத்தித்துறை வீதியில் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிச்சம் போடப் பயம், நிலவில்தான் ஓடினார். பின் இருக்கையில் அவளுடைய தலை என் மடியில் இருந்தது. விடியமுன் ஆண் குழந்தை. அந்தப் பிள்ளைதான் எனக்குத் தொலைபேசி எடுத்தவன்.

சித்திரை வருடப் பிறப்புக் கழிந்து சில நாட்களில் தென்மராட்சியிலும் இருக்க முடியாமற் போனது. கிளாலிக்குப் போய்க் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போவதென்று முடிவெடுத்தோம். வள்ளத்தில் காரை ஏற்ற முடியாது. என் கணவர் என்னையும் பிள்ளைகளையும் தன் தங்கையுடன் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வள்ளத்தில வாறன். காரை ஐயாவிட்டச் சொல்லி விட்டிருக்கு. நிலைமை சரிவர வந்து எடுப்பம்."

அவர் வரவில்லை. மாமியை அயலவர்கள் பின்னர் வலிகாமத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். மகன் மண்ணெண்ணெய் தேடிச் சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை என்று மட்டும் மாமிக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் போனார், யார் கண்டார்கள் என்று நான் கேட்காத இடமில்லை. அதைப் பற்றி இங்கே எழுதுவது என் நோக்கமல்ல. இந்தப் பக்கங்களை வாசிக்கும் உங்களில் பலர் அதே கேள்வியை அதே கதவுகளில் கேட்டவர்கள்.

2002இல் ஏ-9 வீதி திறந்தபோது முதலில் நான் தேடிப் போனது அந்த வளவுக்குத்தான். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி சிதைந்து போயிருந்தது. அவர்களும் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியிருந்தார்கள். வீட்டுக்கு ஓடு இல்லை. ஐயா உயிருடன் இல்லை. காரின் மேல் ஒரு தென்னை முறிந்து விழுந்து கூரையை அமத்தியிருந்தது. யாரோ முன் பக்கத்துச் சின்னத்தையும் ரயர்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் அந்தப் பெண் தன் வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன் காருக்கு நாலு கப்பு நட்டுக் கிடுகு மேய்ந்திருந்தாள்.

"அவர் வந்தால் கேப்பாரெல்லோ அக்கா?" என்றாள்.

எனக்கு அன்றைக்கு அவளைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. ஏன் வந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அதே ஆண்டுகளில் வீதி திறந்ததும் பழைய கார்களை வாங்குவதற்குத் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல நிலையில் இருந்த பல ஒஸ்ரின்களும் மொறிசுகளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. எங்கள் சந்தியில் நின்ற கார்களில் ஒன்றையேனும் பின்னர் நான் காணவில்லை. கொழும்பில் யாரோ ஒருவருடைய கராச்சில் மினுக்கிப் பளபளவென்று நிற்கக்கூடும். மிஞ்சியவற்றில் சில இப்போது யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பொம்பிளை ஏறும் கல்யாணக் கார்களாக ஓடுகின்றன. பூமாலையோடு ஒன்று வீதியில் வந்தால் நான் முதலில் பார்ப்பது இலக்கத்தகட்டை. எங்களுடையது அங்கே வராது என்று தெரிந்தும் பார்க்கிறேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 மாசி வரை அது நீடித்தது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களின் விலை ஏறியபோது, உங்கள் காரையும் கொடுத்திருக்கலாமே என்று சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள்.

கொடிகாமம் சந்தியில் இறங்கினேன். சந்தையில் தேங்காயும் மாம்பழமும் குவிந்திருந்தன. வெறுங்கையோடு போகக்கூடாது என்று விசுக்கோத்து வாங்கிக்கொண்டு கச்சாய் வீதியில் நடந்தேன்.

அவள் கேற்றடியிலேயே நின்றாள். தலை நரைத்துவிட்டது. எனக்கும்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பெடியன் கதிரை கொண்டுவந்து போட்டான். நான் கதிரையில் இருக்காமல் விறாந்தையில் கிடந்த வாங்கில் இருந்துவிட்டேன். இருந்த பிறகுதான் தெரிந்தது, அது காரின் பின் இருக்கை. வெயிலில் வெடித்துப்போன தோலின் மேல் பழைய சேலையை மடித்து விரித்திருந்தாள்.

"அம்மா கடைசி காலத்தில இதிலதான் படுத்திருந்தவ" என்றாள்.

கிடுகுக் கொட்டிலுக்குப் பதிலாக இப்போது தகரம் போட்டிருந்தார்கள். காரின் தரை முழுவதும் உக்கிப்போய், உள்ளே கோழி முட்டையிட்டிருந்தது. பொனற்றைப் பெடியன் இரண்டு கையாலும் நெம்பித் திறந்தான். இயந்திரம் செம்மண் கட்டி போலக் கிடந்தது. ஆனால் சேலைன் போத்தல் தொங்கவிட்ட கம்பி அப்படியே இருந்தது. அவர் கம்பி முறுக்கினால் நுனியை எப்போதும் உட்பக்கமாக மடித்துவிடுவார், கை கிழியாமல் இருக்க. நுனி மடிந்தபடியே இருந்தது. கதவுத் தூணில் அந்தச் சிறிய கையை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். பாதிவரை வந்து நின்றது.

பழைய இரும்பு வாங்குகிறவரையும் பெடியன் வரச் சொல்லியிருந்தான். அவர் சுற்றிப் பார்த்து ஒரு விலை சொன்னார். கிலோக் கணக்கு. பிறகு, "புத்தகம் இருக்கோ? பிறகு பிரச்சினை வரக்கூடாது" என்று கேட்டார்.

புத்தகம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்களுடனும் அடையாள அட்டைப் பிரதிகளுடனும் அந்தப் பையில் 1996இலிருந்து இருக்கிறது. வட்டக்கச்சிக்கும், பிறகு முள்ளிவாய்க்காலுக்கும், செட்டிகுளம் முகாமுக்கும், திரும்பவும் வட்டக்கச்சிக்கும் அது என்னுடன் வந்தது. நகை போனது, தையல் மெசின் போனது, அந்தப் புத்தகம் போகவில்லை. பொலித்தீனில் சுற்றியிருந்ததால் மையும் அழியவில்லை. சொந்தக்காரர் என்ற இடத்தில் அவருடைய பெயர்.

நான் அதை வெளியே எடுக்கவில்லை. மகனுக்கு அழைப்பு எடுத்தேன். அவன் சுவிற்சர்லாந்தில் வேலைக்குப் போகும் நேரம். "இரும்புதானே அம்மா, குடுத்திட்டு வாங்கோ" என்றான். பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "அந்தக் கை இன்னும் வேலை செய்யுதோ?" என்று கேட்டான்.

மகள் என்னிடமே விட்டுவிட்டாள். மாமி இருந்திருந்தால் விடமாட்டா. அவன் வந்து கேட்டால் என்ன சொல்லுவாய் என்று 2011இல் கண்ணை மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தவ. அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. கொடு என்று ஒரு சொல் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், விறாந்தையில் நின்ற அவளுக்கும் தெரியும். அதனால்தான் இருபத்தேழு வருடமாக அவள் என்னிடம் அதைக் கேட்கவில்லை. இப்போதும் மகனைக் கொண்டுதான் கேட்பித்தாள்.

பெடியனைப் பார்த்தேன். கொழும்பில் வேலை செய்து, கடன் எடுத்து, தாய்க்கு ஒரு வீடு கட்ட வந்திருக்கிறான். அத்திவாரத்துக்கு நூல் கட்டியிருந்தது. அந்த நூல் காருக்கு முன்னால் வந்து வளைந்து அப்பால் போயிருந்தது. நான் மாட்டேன் என்றிருந்தால் அவன் வீட்டையே தள்ளிக் கட்டியிருப்பான்.

"குடுங்கோ தம்பி" என்றேன்.

அவள் குசினிக்குள் போய்விட்டாள். தேத்தண்ணி கொண்டுவர வெகு நேரம் எடுத்தது.

புத்தகத்தைத் தர முடியாது, ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று வாங்க வந்தவரிடம் சொன்னேன். கிராம சேவையாளரிடம் கையெழுத்து வாங்கித் தாருங்கள், போதும் என்றார். நல்ல மனிதர். இந்த இரும்பு எங்கே போகும் என்று கேட்டேன். கொழும்புப் பக்கம் போய் உருக்குவார்கள், கட்டடக் கம்பி வரும் என்றார். "அப்ப இந்த வீட்டுக்கே திரும்பி வந்தாலும் வரும்" என்று பெடியன் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன்.

கம்பியை மட்டும் குறடால் வெட்டி எடுத்துத் தரச் சொன்னேன். இருக்கையை எடுத்துப் போங்கள் அக்கா என்று அவள் சொன்னாள். வேண்டாம் என்றேன், அது அவளுடையது. அவளுடைய தாய் அதில் படுத்திருந்தவ, அவள் பிள்ளை பெறப் போனதும் அதில்தான். இரும்புக்காரர் கொடுத்த காசைப் பாதியாகப் பிரித்து என் கைப்பைக்குள் திணித்தாள். அதை நான் குடிபூரலுக்கு என்று பெடியனிடம் கொடுத்துவிட்டேன். அதற்காக ஒரு சண்டையும் நடந்தது.

லொறி மறுநாள்தான் வரும் என்றார்கள். நான் அதற்கு நிற்கவில்லை.

சந்திக்குத் திரும்பி வந்து பருத்தித்துறை வீதி தொடங்கும் இடத்தில் நின்றேன். ஒரு காலத்தில் அந்த வழியாகத் தட்டிவான்கள் ஓடும். மரத்தட்டி, மூட்டை, ஆட்கள் எல்லாம் ஒன்றாக. கிளிநொச்சிப் பேருந்து வந்தது. நடத்துநர் இடப்பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். திரும்பிப் போகும் திசையில் இடப்பக்கம் வேறு பக்கம்தானே, இருந்தேன். ஆனையிறவில் காற்று பலமாக அடித்தது. கம்பி கைப்பைக்குள் இருந்தது, கைக்குட்டையில் சுற்றி.

காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவு செய்வதற்கு 2010இல் ஒரு சட்டம் வந்தது. மரணம் என்று எழுத மனம் ஒப்பாதவர்களுக்கு, ஆள் இல்லை என்பதை மாத்திரம் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற 2016இல் திருத்தம் செய்தார்கள். அதற்கான படிவம் வெகு காலமாக அதே பையில், பதிவுப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதை எடுத்துப் பெயரையும் பிறந்த திகதியையும் நிரப்பினேன். கடைசியாகக் கண்ட இடம் என்ற கோட்டில் கிளாலி என்று எழுதினேன். அடுத்த கோட்டுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, விளக்கு வைக்க நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டேன்.